அலுமாரிக்குள் கிடக்கும் சின்னத் தட்டுகள்: மினிடிஸ்க்கில் உள்ள கோப்பையும் குரலையும் எடுப்பது எப்படி?

உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரமான பிளாஸ்ரிக் உறை. ஓரத்தில் தள்ளினால் திறக்கும் சின்னத் தகரக் கதவு. உள்ளே 6.4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பளபளப்பான தட்டு ஒன்று. பார்த்த உடனே பழைய கணினி ஃப்ளொப்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து எறிந்தும் விடுகிறார்கள். இது ஃப்ளொப்பி அல்ல. சோனி நிறுவனம் 1992இல் வெளியிட்ட மினிடிஸ்க். கசற்றுக்குப் பதிலாகப் பாட்டுக் கேட்கவும் ஒலிப்பதிவு செய்யவும் வந்த சாதனம். பின்னாளில், பலருக்கும் தெரியாமல், கணினிக் கோப்புகளைச் சுமக்கும் பெட்டியாகவும் அது மாறியது.

எங்கள் பக்கத்தில் இது கடையில் வாங்கிப் பரவிய பொருளல்ல, சூட்கேசில் வந்த பொருள். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் சுவிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊர் பார்க்க வந்தவர்கள் பலர். அவர்கள் திரும்பிப் போகும்போது தம்பிக்கோ மருமகனுக்கோ விட்டுச்சென்ற சாமான்களில் இந்தச் சின்ன ரெக்கோடரும் ஒன்று. மைக் ஒன்றைச் செருகினால் போதும், கசற்றை விடத் துப்புரவாகப் பதியும். உலகெங்கும் வானொலிச் செய்தியாளர்களும் நாட்டார் பாடல் சேகரிப்பவர்களும் அந்தக் காலத்தில் இதைத்தான் தோளில் மாட்டித் திரிந்தார்கள். இங்கே கூத்துப் பழக்கம் நடந்த வளவுகளிலும், கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தியிலும், கல்யாண வீடுகளிலும் இது வேலை செய்திருக்கிறது.

கல்லடிப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பழைய கசற்றுகளையும் வீடியோ நாடாக்களையும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். வருவதில் பாதிக்கு மேல் கல்யாண வீடியோ. இடையிடையே மினிடிஸ்க்குகளும் வருகின்றன. கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு பாக்கலாமா?” பார்க்கலாம். ஆனால் எது இலகுவில் வெளியே வரும், எது வராது என்பது தட்டுக்குத் தட்டு வேறுபடும். ஒரே தட்டுக்குள்ளும் வேறுபடும். அது தெரியாமல் கை வைத்தால் இருப்பதும் போய்விடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தட்டு எப்படி எழுதப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கசற்றில் காந்தம் மட்டும், இறுவட்டில் லேசர் ஒளி மட்டும். மினிடிஸ்க்கில் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. பதியும்போது ஒரு பக்கத்திலிருந்து லேசர் தட்டின் ஒரு புள்ளியைப் பெரும் சூட்டுக்குக் கொண்டுபோகிறது. மறுபக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் காந்தத் தலை, சூடான அந்தப் புள்ளியில் மட்டும் காந்தத் திசையை மாற்றுகிறது. புள்ளி ஆறியதும் எழுத்து உறைந்துவிடும். வாசிக்கும்போது மெல்லிய லேசர் போதும். ஆகவே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்ததால் தட்டு அழிந்திருக்கும் என்று கவலைப்படத் தேவையில்லை. அந்தச் சூடு இல்லாமல் சாதாரணக் காந்தம் இதை ஒன்றும் செய்யாது. கசற் நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும் எங்கள் வாவிக்கரை ஈரத்தில், நான் பார்த்த மினிடிஸ்க்குகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. தட்டு தப்பிவிடுகிறது, கருவிதான் சாகிறது.

இனிக் கணினிக் கதைக்கு வருவோம். 1993இலேயே சோனி கணினிக்கென்று எம்.டி. டேட்டா என்ற தனி வகையை விட்டது. 140 மெகாபைட் கொள்ளும். ஃப்ளொப்பி ஒன்றரை மெகாபைட் கூடக் கொள்ளாத காலத்தில் அது பெரிய அளவுதான். ஆனாலும் எடுபடவில்லை. 2001இல் நெற்-எம்.டி. வந்தது. யூ.எஸ்.பி. வயரில் கணினியோடு இணைக்கலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து பாட்டை உள்ளே அனுப்பலாம், நீங்கள் மைக்கில் பதிந்ததை அதே வயரால் வெளியே எடுக்க சோனியின் மென்பொருள் வழி தரவில்லை. சாதாரணக் கோப்புகளையும் வைக்க முடியாது.

2004இல் வந்த ஹை-எம்.டி.தான் இரண்டையும் ஒன்றாக்கியது. அதே அளவுத் தட்டு, ஆனால் ஒரு ஜிகாபைட் கொள்ளும். வயரைச் செருகினால் கணினி அதை ஒரு பென் டிரைவ் போலவே காட்டும். படம், கடிதம், ஸ்கான் செய்த பத்திரம் எதையும் இழுத்துப் போடலாம். ஒரு ஜிகாபைட் தட்டு ஒன்று ஏறக்குறைய 7 அமெரிக்க டொலர். அந்த ஆண்டில் அதே கொள்ளளவுள்ள பென் டிரைவுக்கு அதைப்போலப் பல மடங்கு விலை. பழைய 80 நிமிடத் தட்டைக் கூட ஹை-எம்.டி. முறையில் மாற்றி அமைத்தால் சுமார் 305 மெகாபைட் கொள்ளும். 2005இல் சோனி கமரா பொருத்திய ஒரு ரெக்கோடரையும் விட்டது. 1.3 மெகாபிக்சல் கமரா, எடுத்த படம் பாட்டுத் தட்டிலேயே போய் விழும். வேகம் மட்டும் ஆமை வேகம். ஒரு தட்டை நிரப்ப, எல்லாம் சரியாக இருந்தாலும், கால் மணி நேரம் ஆகும்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். ஹை-எம்.டி. தட்டில் நீங்கள் இழுத்துப் போட்ட கோப்பு சாதாரணக் கோப்பு. ஃபாட் என்ற, எல்லாக் கணினிகளுக்கும் தெரிந்த பொது ஒழுங்கில் அது இருக்கிறது. வின்டோஸ், மாக், லினக்ஸ் எதிலும் திறக்கலாம். ஆனால் அதே தட்டில், அதே ரெக்கோடரால், மைக் பிடித்துப் பதிந்த குரல் அப்படி இல்லை. அது எச்.எம்.டி.எச்.ஐ.எஃப்.ஐ. என்ற பெயருள்ள ஒரு கோப்புறைக்குள், பூட்டிய வடிவில், சோனியின் அட்ராக் என்ற சுருக்க முறையில் பெரும்பாலும் கிடக்கும். கணினியில் தட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அந்தக் கோப்புறை ஏதோ குப்பை போலத் தோன்றும். சொடுக்கினால் பாட்டும் வராது, படமும் வராது. எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலும் அதே கோப்புறையில் இருப்பதால், ஒரு கோப்பை அழித்தாலும் முழுத் தட்டின் குரலும் ஊமையாகிவிடலாம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இணையத்தில் பாட்டுகள் இலவசமாகப் பரவிய காலம் அது. விற்பனைப் பாட்டை ஆட்கள் பிரதி எடுப்பார்கள் என்ற பயத்தில் இசைக் கம்பனிகளுக்காகப் போட்ட பூட்டு, ஒருவர் தன் ஆச்சியின் தாலாட்டைப் பதிந்தாலும் அதன் மேலும் விழுந்தது. 2006 அளவில் சோனி இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அந்த ஆண்டு வந்த எம்.இசட்-ஆர்.எச்.1 என்ற ரெக்கோடர், பழைய மினிடிஸ்க்கில் பதிந்ததையும் யூ.எஸ்.பி. வழியாக வெளியே எடுக்க விட்டது. நல்ல காரியம்தான், ஆனால் அதற்குள் சந்தை ஐபொட் பக்கம் போய்விட்டது.

படுவான்கரையிலிருந்து ஒரு தாய் பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு ரெக்கோடர், ஒரு ஜிகாபைட் தட்டு ஒன்று, 80 நிமிடத் தட்டுகள் ஆறு. சுவிசிலிருக்கும் மாமா கொடுத்தது என்றார். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது அவர் கையில் கொண்டுவந்த சாமான்களில் இந்த ரின்னும் ஒன்று. ரெக்கோடரின் சொந்தக்காரனான மகன் அதற்குப் பிறகு வீடு வரவில்லை. பதினெட்டு வருசமாக அவர் அதைத் திறந்து துடைத்து மூடி வைத்திருக்கிறார்.

ஜிகாபைட் தட்டைக் கணினி உடனே காட்டியது. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் கரையோரத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் இழந்தன. அதைப் பார்த்த அந்தப் பிள்ளை, 2005இல் எங்கோ ஒரு கடையில் குடும்பத்தின் பத்திரங்களை ஸ்கான் செய்து, பென் டிரைவ் இல்லாததால் பாட்டு ரெக்கோடரில் போட்டு வைத்திருக்கிறார். தனது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரண்டு பக்கம், தாயின் திருமணப் பதிவு, கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் எடுத்த படங்கள். மூலப் பிரதிகள் இடப்பெயர்வில் போய்விட்டன. மகனைத் தேடி ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்தத் தாய் அயலவரின் கடிதத்தோடு அலைந்துகொண்டிருந்தபோது, அடையாள அட்டையின் தெளிவான படம் பிஸ்கட் ரின்னுக்குள் இருந்திருக்கிறது.

அவரோடு வந்த பேரப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, “அங்கிள், இந்த ஃபோல்டர் வைரஸ் போல கிடக்கு, அழிப்பமா?” என்று கேட்டான். அதுதான் குரல் இருந்த கோப்புறை. அழிக்க நினைத்திருந்தாலும் நடந்திராது, ஏனென்றால் தட்டைச் செருகும் முன்பே அதன் ஓரத்திலுள்ள பூட்டை நகர்த்தியிருந்தேன். எந்த மினிடிஸ்க்கானாலும் முதல் வேலை அதுதான். உறையின் ஓரத்தில் நகத்தால் தள்ளும் ஒரு சின்னத் துண்டு இருக்கும். துளை திறந்து தெரிந்தால் தட்டில் எழுதவோ அழிக்கவோ முடியாது. துளை மூடியிருந்தால் எழுதலாம், அழிக்கலாம். கசற்றில் மூலையை உடைத்துவிடுவோமே, அதே போல.

மற்றத் தட்டுகளில் குரல். சாதாரண எம்.டி. முறையில், ஒரு தட்டுக்கு 160 நிமிடம் கொள்ளும் வேகத்தில் பதிந்திருந்தார். அண்ணாவியாராக இருந்த தன் பெரிய மாமா தென்மோடிக் கூத்துப் பழக்குவதை. மத்தளம், சல்லாரி, பிழைவிட்டவனுக்கு ஏச்சு, நடுவில் நாய் குரைப்பு. இரண்டாம் தட்டில் ஓரிடத்தில் மைக்குக்கு மிகக் கிட்ட ஒரு இளம் குரல்: “மாமா, அந்தத் தருவ இன்னொருக்காப் படிங்க.” நான் சத்தத்தைக் கூட்டப் போனேன். “கூட்டாத மனே,” என்றார் தாய். “அவன் மெல்லத்தான் கதைப்பான்.”

இந்தத் தட்டுகளைப் பொதுவான வழியில்தான் எடுத்தேன். ரெக்கோடரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வயர், கணினியில் ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள். தட்டு ஓட ஓடக் கணினி பதியும். 160 நிமிடத் தட்டுக்கு 160 நிமிடம் காத்திருக்க வேண்டும். குறுக்கு வழி இல்லை, ஆனால் எந்தப் பூட்டும் இதைத் தடுக்காது. ஓடக்கூடிய கருவி எதுவாக இருந்தாலும் இது நடக்கும். ரெக்கோடரின் சத்தத்தை நடுத்தரத்தில் வைத்து, பாஸ் முதலிய சோடிப்புகளை நிறுத்திவிட வேண்டும். கணினியில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்.பி.3 சின்னதாக இருக்கும், வைபரில் அனுப்ப நல்லது. ஆனால் மினிடிஸ்க்கே ஒருமுறை சுருக்கிய ஒலி. அதை மறுபடி சுருக்கினால் குரல் இன்னும் மெலியும். உலக ஒலி ஆவணக் காப்பகங்கள் வேவ் வடிவைக் கேட்பதும் இதனால்தான்.

வயர் மூலம் நேரடியாக எடுக்கும் வழியும் இருக்கிறது. சோனியின் சோனிக்ஸ்டேஜ் மென்பொருள் இன்றைய வின்டோஸில் இலகுவில் ஓடாது. ஆனால் உலகின் பல மூலைகளிலுள்ள ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் உருவாக்கிய கருவிகள் உள்ளன. லினக்ஸ்-மினிடிஸ்க் என்பது ஒன்று, குரோம் உலாவியிலேயே ஓடும் வெப் மினிடிஸ்க் ப்ரோ இன்னொன்று. ஹை-எம்.டி. தட்டின் குரலை இவற்றால் வெளியே எடுக்கலாம். சில நெற்-எம்.டி. கருவிகளின் ஒருவழிப் பாதையைக் கூட இவர்கள் இருவழியாக்கிவிட்டார்கள். பழக்கமில்லாதவர் முதலில் முக்கியமில்லாத ஒரு தட்டில் செய்து பார்க்க வேண்டும்.

ஒரு தட்டில் கடைசிப் பதிவைக் காணவில்லை. தாய் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். மினிடிஸ்க்கில் ஒரு பொருளடக்கப் பகுதி உண்டு, புத்தகத்தின் முதல் பக்கம் போல. ஒலியை எழுதிக்கொண்டே போய், நிறுத்தும்போதோ தட்டை வெளியே எடுக்கும்போதோதான் ரெக்கோடர் பொருளடக்கத்தைத் திருத்தும். அதற்குள் பற்றறி செத்தாலோ யாராவது பிடுங்கினாலோ ஒலி தட்டில் இருக்கும், பட்டியலில் இராது. கருவி “வெறுந்தட்டு” என்று காட்டினாலும் அது உண்மையிலேயே வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு தட்டின் நீளமான பொருளடக்கத்தை இதன்மேல் எழுதவைத்து அந்த ஒலியை மீட்கும் உபாயம் ஒன்று உண்டு. அது கைதேர்ந்தவர் செய்யும் வேலை, பிழைத்தால் திரும்ப வழியில்லை. அந்தத் தட்டை இப்போது துளை திறந்த நிலையில், “இதில் எழுத வேண்டாம்” என்று ஒட்டித் தனியாக வைத்திருக்கிறோம். அதே காரணத்துக்காகத்தான், வெறுமையாகத் தெரியும் தட்டைப் “போமற் செய்யவா?” என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. 80 என்று அச்சிட்ட தட்டை ஒரு பழைய ரெக்கோடரில் போட்டு, ஓடவில்லை, பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். அது ஹை-எம்.டி. முறையில் மாற்றிய தட்டாக இருக்கலாம். 2004க்கு முந்திய கருவிக்கு அந்த மொழி தெரியாது. ஹை-எம்.டி. கருவி ஒன்றில் போட்டுப் பார்க்கும் வரை எந்தத் தட்டையும் பழுது என்று சொல்லக்கூடாது.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. பற்றறியை உள்ளே வைத்து வருடக்கணக்கில் மூடியிருந்தால் அது கசிந்து தகடுகளைத் தின்றிருக்கும். கிடைத்த உடனே கழற்றிவிடுங்கள். கடல் தண்ணீர் பட்ட தட்டை உப்போடு கருவிக்குள் போட்டால் தட்டும் கருவியும் சேர்ந்து போகும். உறையைத் திறந்து, தட்டை நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறொரு மினிடிஸ்க்கின் உறைக்குள் மாற்றிப் போட முடியும். பொறுமையான கை வேண்டும்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்பதும் எங்கள் நிலைமையில் சின்ன விசயம் அல்ல. யுத்த காலத்துப் பதிவுகளில் ஆட்களின் பெயர்கள் இருக்கும். பேசியவர் இல்லாமல் போயிருக்கலாம், பேசப்பட்டவர் இன்று பக்கத்துத் தெருவில் இருக்கலாம். முழுவதையும் ஒருமுறை இருந்து கேட்காமல் முகநூலில் போடாதீர்கள். என்னைப் போன்ற கடைக்காரரிடம் கொடுத்தால், வேலை முடிந்ததும் அவரது கணினியில் பிரதி இருக்கக்கூடாது என்று கேட்டு, அழிப்பதைக் கண்ணால் பாருங்கள். நான் கோபிக்க மாட்டேன்.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பான வழக்கோ முறைப்பாடோ இருந்தால் தட்டைத் தொடும் முன்பே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒலிப்பதிவுகளையும் கணினிச் சான்றுகளையும் நீதிமன்றில் முன்வைக்க வழி தருகிறது. அந்தப் பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்ட வேண்டி வரும். ஆகவே மூலத் தட்டு பூட்டிய நிலையில் அப்படியே இருக்கட்டும். யார் எப்போது கொடுத்தார், யார் எப்போது பிரதி எடுத்தார் என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். ஸ்கான் செய்த கோப்புகளை நகலெடுக்கும்போது கோப்பின் பழைய திகதியையும் அதே கொப்பியில் குறித்துவிடுங்கள்.

கூத்து, வசந்தன், குளிர்த்திப் பாடல் போன்றவை குடும்பச் சொத்து மட்டுமல்ல. எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து வாவியின் மீன்பாட்டைப் படகிலிருந்து கேட்டார். அதைப் பிடித்துவைக்கக் கருவி இல்லாததால் எழுத்தில் விவரித்துவிட்டுப் போனார். அண்ணாவியாரின் குரலுக்கு அந்த நிலை வரத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகம் அச்சு நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. கல்லடியிலேயே சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொடுக்கும்போது கோப்பின் பெயரில் ஊர், ஆண்டு, கூத்தின் பெயர், பாடியவர் எல்லாம் வரட்டும். “நியூ ரெக்கோடிங் 3” என்ற பெயரில் கொடுத்தால் பத்து வருடத்தில் அது யாருடைய குரலென்று எவருக்கும் தெரியாது.

சோனி 2011இல் மினிடிஸ்க் வோக்மனை நிறுத்தியது. 2013 மார்ச்சில் மிச்சமிருந்த கருவிகளின் விற்பனையையும் முடித்தது. வெறுந்தட்டுத் தயாரிப்பும் 2025 பெப்ரவரியோடு நின்றுவிட்டது. இனிக் கிடைப்பது பாவித்த கருவிகள் மட்டும். ஆர்.எச்.1 இணையத்தில் யானை விலை விற்கிறது. ஆனால் இந்தக் கருவிகள் எங்களுக்கு வந்த வழியிலேயே இன்னும் இருக்கின்றன. சூரிச்சிலோ ஹறோவிலோ ஸ்காபரோவிலோ உள்ள அண்ணன், மச்சாளின் வீட்டு லாச்சியில். முதுகில் எம்.இசட் என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். அதற்குப் பின் என்.எச். அல்லது ஆர்.எச். என்று வந்தால் அது ஹை-எம்.டி. படிக்கக்கூடியது. அடுத்த முறை வைபரில் கதைக்கும்போது கேட்டுப் பாருங்கள்: லாச்சியில் கிடந்தால் வயரோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், பற்றறியைக் கழற்றிவிட்டு.